சிறு விடுதிகளுக்குச் சங்கம் எதற்கு?

பத்துப் பன்னிரண்டு அறைகள் கொண்ட ஒரு சிறு விடுதி. கணவன் கணக்கைப் பார்க்கிறான். மனைவி சமையலைக் கவனிக்கிறாள். ஒருவர் வந்து, "எங்கள் சங்கத்தில் சேருங்கள், வருஷச் சந்தா இவ்வளவு" என்கிறார். கொடுக்கலாமா, கூடாதா? அநேக குடும்பங்களின் ஜீவனம் இக்கேள்வியில் அடங்கியிருக்கிறது.

டோக்கியோவில் யனாக்கா என்னும் பழைய பகுதியில் ஸவானோயா என்ற விடுதி இருக்கிறது. 1949-ல் ஆரம்பித்தது, 12 அறைகள், பெரும்பாலானவற்றுக்குத் தனிக் குளியலறை இல்லை. உள்நாட்டு வியாபாரிகளும் பள்ளி மாணாக்கர்களும் வந்து தங்கினார்கள். அறைக்கு அறை குளியலறை வைத்த புது ஹோட்டல்கள் எழும்பியதும் அவர்கள் அங்கே போய்விட்டார்கள். 1982-ல் விடுதி ஏறக்குறையக் காலி. அச்சமயம், வெளிநாட்டு யாத்ரிகர்களை வரவேற்பதற்காக 1979-ல் ஏற்பட்டிருந்த 'ஜாப்பனீஸ் இன் குரூப்' என்ற சிறு விடுதிகளின் சங்கத்தில் அது சேர்ந்தது. வீட்டாருக்கு இங்கிலீஷ் ஞானம் சொற்பம், பயந்துகொண்டேதான் சேர்ந்தார்கள். பிற்காலத்தில் அங்கே தங்கியவர்களில் பெரும்பாலோர் அந்நிய தேசத்தாரே!

பன்னிரண்டு அறை விடுதி தன் பெயரை லண்டனிலும் ஸிட்னியிலும் தனியாக விளம்பரம் செய்வதென்றால் விடுதியையே விற்க வேண்டியதுதான். பல விடுதிகள் கூடி ஒரே துண்டுப் பிரசுரம் அச்சிட்டால் செலவு பங்காகிவிடுகிறது.

நிற்க. பிரசுரம் மட்டுந்தான் பயன் என்றால் இன்று சங்கம் அவசியமில்லை என்று வாதிக்கலாம். 1996-ல் நெதர்லாந்தில் தோன்றிய புக்கிங் டாட் காம் போன்ற இணையத் தரகர்கள் எந்தக் குக்கிராமத்து விடுதியையும் உலகுக்குக் காட்டிவிடுகிறார்கள். சந்தா கிடையாது, வாடகையில் சுமார் 15 சதவிகிதம் தரகு. கணக்கு வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? வாடகை 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஓர் இரவுக்குத் தரகு 600. 500 இரவுகளுக்கு 3,00,000. சந்தாவைக் கேட்டு முகம் சுளித்தவர் இதைச் சத்தமில்லாமல் கட்டிவருகிறார். ஆனால் விருந்தினர் வராவிட்டால் தரகு இல்லை. சந்தாவோ அறை காலியாகக் கிடந்தாலும் கட்டியாக வேண்டும். இதையும் மறைக்கலாகாது.

தரகரிடம் தனி ஆளாக நின்று பேரம் பேச முடியாது. தரகர் தளத்தில் உள்ளதைவிடக் குறைந்த வாடகைக்கு விடுதிக்காரர் தாமே அறை கொடுக்கலாகாது என்ற நிபந்தனை ஒன்று இருந்தது. பிரான்ஸ் தேசம் அதை 2015-ல் சட்டம் இயற்றிச் செல்லாததாக்கியது. தனி விடுதிக்காரர் ஒருவரின் முறையீடு சட்டசபை வரை எட்டியிருக்குமா?

அதே தேசத்தில், யுத்தத்திற்குப் பின் தோன்றிய 'லோஜி' என்ற சங்கம் குடும்பங்கள் நடத்தும் கிராமாந்தர விடுதிகளைச் சோதித்து, கணப்படுப்புச் சின்னத்தால் தரம் குறிக்கிறது. யாத்ரிகர் அந்தப் பலகையை நம்பி உள்ளே நுழைகிறார். பணம் கட்டுகிற எல்லோருக்கும் பலகை கொடுக்கும் சங்கமானால், அது என் அபிப்பிராயத்தில் வெறும் தகரம். "சென்ற வருஷம் எத்தனை பேரைச் சேர்க்க மறுத்தீர்கள்?" என்று சந்தா கேட்க வந்தவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

அவர் விடை திருப்தியானால் சேர்ந்து பாருங்கள். வருகைப் புத்தகத்தில், 'யார் சொல்லி வந்தார்' என்று ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வருஷமாக அதில் சங்கத்தின் பெயரே காணப்படாவிட்டால், மூன்றாம் வருஷச் சந்தாவை மளிகைக் கடைக்காரரிடம் கொடுத்துப் பழைய பாக்கியைத் தீர்த்துவிடலாம்.