நாற்றமும் ஒரு பாதுகாப்பே

சத்துணவுக் கூடத்தில் எரிவாயு கசிந்தால் அழுகிய முட்டைக்கோசு போன்ற நாற்றம் வீசும். அது எரிவாயுவின் மணமன்று. கசிவை அறிவதற்காகவே எத்தேன்தயால் என்னும் கந்தகச் சேர்மம் சிறிதளவு கலக்கப்படுகிறது. எத்தனாலில் ஆக்சிஜன் இருக்குமிடத்தில் கந்தகம் அமைந்தால் அதுவே எத்தேன்தயால். காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு உணர்ந்துவிடும்.

1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் பள்ளியில் மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து வெடித்தது. ஏறத்தாழ 300 மாணவர்களும் ஆசிரியர்களும் மாண்டனர். அதன்பின் அங்கு எரிவாயுவுக்கு மணமூட்டுவது சட்டமானது.

எத்தேன்தயாலும் எளிதில் தீப்பற்றும். செறிவாகச் சுவாசித்தால் தலைவலி, குமட்டல் வரும். நெடுநேரம் முகர்ந்தால் மூக்கு பழகி, நாற்றமே தெரியாமல் போகும். எனவே முதல் நாற்றத்திலேயே மாணவர்களை வெளியேற்றுவோம். மின்சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு, சன்னல்களைத் திறப்போம்.