சினிமா வாத்தியார்கள்
பகலில் ஸ்டுடியோ, இரவில் வகுப்பு!

சினிமா உலகத்தின் தலைநகரம் ஹாலிவுட். அது அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் இருக்கிறது.

அந்த ஹாலிவுட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லூரி உண்டு. பெயர், லாஸ் ஏஞ்சல்ஸ் சிட்டி காலேஜ். புகழ்பெற்ற பாரமவுண்ட் ஸ்டுடியோவுக்கும் இந்தக் கல்லூரிக்கும் இரண்டு மைல் தூரம்தான்.

இங்கே சினிமா எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். டெலிவிஷன் நிகழ்ச்சி தயாரிக்கவும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

படிக்க வருகிறவர்கள் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அல்ல. ஓட்டலில் பரிமாறுகிறவர் வருவார். லாரி ஓட்டுகிறவர் வருவார். ராணுவத்தில் இருந்து திரும்பியவர் வருவார். குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, வேலை முடிந்து மாலையில் ஓடிவரும் தாயும் வருவாள்.

சரி, இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்கள் யார்? அவர்கள் கதை, சினிமாக் கதையை விடச் சுவையானது!

ஒரே தெரு, இரண்டு பள்ளிக்கூடம்

இந்தக் கல்லூரி 1929-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அது இருக்கும் தெருவின் பெயர் வெர்மான்ட் அவென்யூ.

அதே தெருவில் தெற்கே சில மைல் போனால் இன்னொரு கல்விக்கூடம் வரும். அது தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம். அங்கேயும் அதே 1929-ம் ஆண்டில்தான் சினிமாப் படிப்பு தொடங்கியது!

அந்தப் பல்கலைக்கழகத்தை நமக்கும் தெரியும். எம்.ஜி.ஆர். முதன்முதலாக நடித்த "சதி லீலாவதி" (1936) படத்தை டைரக்ட் செய்தவர் எல்லிஸ் ஆர். டங்கன். எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த "சகுந்தலை" (1940), "மீரா" (1945) ஆகிய படங்களும் அவர் எடுத்தவையே. அந்த டங்கன், இந்தப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர்தான். கூடப் படித்த இந்திய நண்பர் அழைத்ததால் 1935-ல் அவர் இந்தியாவுக்கு வந்தார்.

ஒரே தெருதான். ஆனால், கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

பல்கலைக்கழகத்தில் ஓர் ஆண்டுப் படிப்புக்கு 60 ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. சிட்டி காலேஜ் போன்ற கலிபோர்னியா சமுதாயக் கல்லூரிகளில், அந்த மாகாணத்துக்காரர்களுக்கு ஒரு "யூனிட்" பாடத்துக்கு 46 டாலர். இரண்டு ஆண்டுப் படிப்புக்கு 60 யூனிட். கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 2,760 டாலர்! முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்து முழுநேரம் படிப்பவர்களுக்கு இந்தக் கட்டணமும் பெரும்பாலும் தள்ளுபடி ஆகிவிடுகிறது.

வயது 18 ஆகிவிட்டால் போதும். பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாதவர்கள்கூடச் சேரலாம்.

கைவேலை தெரிந்தவர்

கல்லூரியில் பாடம் நடத்துவது என்றால் எம்.ஏ. படித்திருக்க வேண்டும் அல்லவா? பெரும்பாலான பாடங்களுக்கு அப்படித்தான். சினிமா வரலாறு, சினிமா ஆராய்ச்சி எல்லாவற்றுக்கும் அந்தப் படிப்பு கேட்பார்கள்.

ஆனால், காமிராவைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க அது கட்டாயம் இல்லை! சாதாரணப் பட்டமும் இரண்டு ஆண்டுத் தொழில் அனுபவமும் இருந்தால் வாத்தியார் ஆகலாம். இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பு மட்டும் படித்தவர் என்றால், ஆறு ஆண்டு அனுபவம் வேண்டும்.

அதனால் இன்னார்தான் என்று இல்லை. படப்பிடிப்பில் விளக்கு போட்டவர், ஒலிப்பதிவு செய்தவர், எடிட்டிங் மேஜையில் கண்விழித்தவர் எல்லோரும் வாத்தியார்களாக வருகிறார்கள். பகல் முழுவதும் ஸ்டுடியோவில் வேலை. மாலையில் கரும்பலகைக்கு முன்னால்!

நேற்று படப்பிடிப்பில் என்ன தகராறு வந்தது, அதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதை இன்று வகுப்பில் சொல்வார்கள். எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத பாடம் அது.

முதல் பாடம் என்ன?

காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று நினைத்து வரும் மாணவர்களுக்கு, வந்த உடனே ஏமாற்றம் காத்திருக்கும். முதலில் சொல்லிக்கொடுப்பது, கேபிள் சுற்றுவது!

சிரிக்க வேண்டாம். மின்சாரக் கேபிளைக் கன்னாபின்னாவென்று சுற்றினால் உள்ளே கம்பி முறுக்கிக்கொள்ளும். அவசரத்தில் பிரிக்கும்போது சிக்கல் விழும். ஆகையால், ஒரு வளையம் மேலாக, அடுத்த வளையம் கீழாக, மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றிய கேபிளை ஒரு முனையைப் பிடித்து வீசினால், பாம்பு போல நேராக ஓடும்.

அடுத்து, விளக்குத் தாங்கியின் காலில் மணல் மூட்டை வைப்பது. காற்றில் விளக்கு சாய்ந்து நடிகர் தலையில் விழாமல் இருக்க இதுதான் வழி. சூடான விளக்கைத் தொடுவதற்கு முன்பு கையுறை போடுவது அதற்கு அடுத்த பாடம்.

"கிளாப்" அடிப்பது எதற்காக என்று பலருக்குத் தெரியாது. படம் ஒரு கருவியில் பதிவாகும். சத்தம் இன்னொரு கருவியில் பதிவாகும். பலகை மூடும் காட்சியையும் "டப்" என்ற சத்தத்தையும் ஒன்றாகப் பொருத்தினால், நடிகரின் உதடும் பேச்சும் சரியாகச் சேரும்.

இன்னொரு பாடம் வேடிக்கையானது. காட்சி எடுத்து முடிந்ததும் எல்லோரும் அரை நிமிடம் சிலை போல் நிற்க வேண்டும். மூச்சு விடுவதுகூட மெதுவாக! அந்த இடத்தின் மௌனத்தைப் பதிவு செய்கிறார்கள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு மௌனம் உண்டு. எடிட்டிங்கில் பேச்சை வெட்டி ஒட்டும்போது இடையில் இந்த மௌனத்தை வைத்தால்தான் ஒட்டுப்போட்டது தெரியாது.

முன்பு மாணவர்கள் பிலிமில் படம் எடுத்தார்கள். 100 அடி நீளமுள்ள 16 மில்லிமீட்டர் பிலிம் சுருள், இரண்டே முக்கால் நிமிடத்தில் ஓடிவிடும். ஒவ்வோர் அடியும் காசு. எனவே, காமிராவை ஓட விடுவதற்கு முன்பு பத்துத் தடவை யோசிப்பார்கள். இன்று டிஜிட்டல் காமிரா. மணிக்கணக்காக எடுக்கலாம். "யோசிக்காமல் எடுக்காதே" என்று சொல்லிக்கொடுப்பது இப்போது வாத்தியாருக்குப் புது வேலை ஆகிவிட்டது!

ரயில் பாலத்தில் போன உயிர்

எல்லாவற்றுக்கும் மேலான பாடம் ஒன்று உண்டு.

2014-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி. ஜார்ஜியா மாகாணத்தில் ஓர் ஆற்றுப் பாலத்தின்மேல் படப்பிடிப்பு. அது ரயில் பாலம். தண்டவாளத்தின் குறுக்கே கட்டிலைப் போட்டுக் காட்சி எடுக்க ஏற்பாடு செய்தார்கள். ரயில்வே கம்பெனியோ அனுமதி தரவில்லை.

திடீரென்று ரயில் வந்துவிட்டது!

எல்லோரும் ஓடினார்கள். சாரா ஜோன்ஸ் என்ற காமிரா உதவியாளரால் தப்ப முடியவில்லை. அவருக்கு வயது 27. பலர் காயம் அடைந்தனர். குற்றத்தை ஒப்புக்கொண்ட டைரக்டர் சிறைக்குப் போனார்.

உலகம் எங்கும் காமிராத் தொழிலாளர்கள் தங்கள் கிளாப் பலகையில் சாராவின் பெயரை எழுதிப் படம் பிடித்து அஞ்சலி செலுத்தினார்கள்.

2021-ல் நியூ மெக்சிகோவில் இன்னொரு துயரம். பொம்மைக் குண்டு இருக்க வேண்டிய துப்பாக்கியில் உண்மைக் குண்டு இருந்தது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் பலியானார்.

பாலத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்கு வந்த தொழிலாளர்கள். டைரக்டர் சொன்னால் மறுத்துப் பேசத் தயங்குவார்கள். மறுநாள் வேலைக்குக் கூப்பிடாவிட்டால் என்ன செய்வது? ஆகவே, "இது ஆபத்து, நான் செய்யமாட்டேன்" என்று சொல்லும் தைரியத்தையும் வகுப்பில் பழக்க வேண்டியிருக்கிறது. கேபிள் சுற்றுவதைவிட இது கஷ்டமான பாடம்.

காரே ஆபீஸ்

இப்படிப்பட்ட வாத்தியாருக்கு நல்ல சம்பளம் இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அங்கேதான் சங்கடம்.

கலிபோர்னியா சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பகுதிநேர ஆசிரியர்கள். முழுநேர ஆசிரியரின் வேலையில் 67 சதவிகிதத்துக்கு மேல், ஒரு கல்லூரி நிர்வாகத்தில் அவர்களுக்குத் தரக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதற்கு மேல் கொடுத்தால் நிரந்தர வேலை கொடுக்க வேண்டி வரும்.

அதனால் பலர் ஒரு கல்லூரியில் இரண்டு வகுப்பு, வேறு நிர்வாகத்தில் இரண்டு வகுப்பு என்று ஓடுகிறார்கள். காரின் பின்சீட்டில் மாணவர்களின் பரீட்சைத் தாள். டிக்கியில் காமிராத் தாங்கி. மதியச் சாப்பாடு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே! இவர்களுக்கு "நெடுஞ்சாலையில் பறப்பவர்கள்" என்று பட்டப்பெயர் உண்டு.

அடுத்த பருவத்தில் வகுப்பு கிடைக்குமா என்பதும் நிச்சயம் இல்லை. மாணவர்கள் போதுமான அளவு சேராவிட்டால் வகுப்பு ரத்து! மருத்துவ இன்சூரன்ஸ் இல்லாமல் பலர் தவித்தார்கள். 2022-ம் ஆண்டு மாகாண அரசு இதற்காக ஆண்டுக்கு 20 கோடி டாலர் ஒதுக்கியது.

இங்கே படித்தவர்கள்

சார்லஸ் பர்னெட் என்ற கருப்பின இளைஞர் சிட்டி காலேஜில் மின்னணுத் தொழில் படிக்க வந்தார். வந்த இடத்தில் எழுத்து வகுப்பு ஒன்றில் சேர்ந்தார். மனம் மாறியது. பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போய் சினிமா படித்தார். பத்தாயிரம் டாலருக்கும் குறைந்த செலவில் அவர் எடுத்த "கில்லர் ஆப் ஷீப்" என்ற படத்தை 1990-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய படமாகத் தேர்ந்தெடுத்தது. 2017-ல் பர்னெட்டுக்குக் கௌரவ ஆஸ்கார் விருது கிடைத்தது.

ஆல்பர்ட் ஹியூஸ் இதே கல்லூரியில் சினிமா வகுப்பில் படித்தவர். அவரும் இரட்டைச் சகோதரர் ஆலனும் சேர்ந்து எடுத்த "மெனஸ் டூ சொசைட்டி" படம் 1993-ல் வெளிவந்தது. அப்போது அவர்களுக்கு வயது 21!

எல்லோரும் டைரக்டர் ஆக முடியுமா? முடியாது. நல்ல வாத்தியார் அதை முதல் வாரமே சொல்லிவிடுவார். பெரும்பாலானவர்கள் லைட்மேன் ஆவார்கள். காமிரா உதவியாளர் ஆவார்கள். உள்ளூர் டெலிவிஷன் நிலையத்தில் செய்திப் படம் பிடிப்பார்கள். தொழிற்சங்கத்தில் இடம் கிடைத்தால் குடும்பத்தைக் காப்பாற்றும் வேலைதான்.

வேலை கிடைக்குமா?

2023-ல் ஹாலிவுட்டில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கதை வசன எழுத்தாளர்கள் மே 2-ந் தேதி தொடங்கி 148 நாள் வேலைக்குப் போகவில்லை. நடிகர்கள் ஜூலையில் சேர்ந்து 118 நாள் போராடினார்கள். லைட்மேனுக்கும் காமிரா உதவியாளருக்கும் வேலை நின்றுபோனது. பகுதிநேர வாத்தியார்களுக்கு ஸ்டுடியோ வருமானம் போய், கல்லூரிச் சம்பளம் மட்டும் மிஞ்சியது.

அதற்குப் பிறகும் பழைய சுறுசுறுப்பு திரும்பவில்லை. ஜார்ஜியா, கனடா, இங்கிலாந்து என்று சலுகை கிடைக்கும் இடத்துக்குப் படக்கம்பெனிகள் போகின்றன. அவர்களைத் திரும்ப இழுக்க, கலிபோர்னியா அரசு 2025-ல் வரிச்சலுகையை ஆண்டுக்கு 33 கோடி டாலரில் இருந்து 75 கோடி டாலராக உயர்த்தியது.

"படித்து முடித்தால் வேலை கிடைக்குமா, சார்?" என்ற கேள்வி வகுப்பில் எழாமல் இருக்காது. கேட்பவர் ஓட்டல் வேலையை விடலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர். பதில் சொல்ல வேண்டியவரோ, அடுத்த மாதம் தனக்கே படப்பிடிப்பு உண்டா என்று தெரியாதவர்!

இரவு வகுப்பு முடிந்ததும் கருவிகளை எண்ணி அறைக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். ஒரு கேபிள் தப்பாகச் சுற்றியிருந்தாலும் பிரித்து, மறுபடி சுற்ற வேண்டும்.