உர மூட்டை மட்டும் போதுமா? மலாவி விவசாயிகளின் கதை

தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் கடற்கரையே இல்லாத சின்ன நாடு மலாவி. நம்மூர் கேழ்வரகுக் களி போல, அங்கே மக்காச்சோள மாவில் கிண்டும் 'ந்சிமா'தான் அன்றாடச் சாப்பாடு. பெரும்பாலோர் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலத்தில், ஒரே மழைக்காலத்தை நம்பி விதைப்பவர்கள்.

மானியம் வேண்டாம், சந்தையே பார்த்துக்கொள்ளும் என்று கடன் கொடுத்த உலக வங்கி முதலான அமைப்புகள் வற்புறுத்த, 1990-களில் அரசு உர மானியத்தை நிறுத்தியது. ஆனால் உரம் பக்கத்து நாட்டுத் துறைமுகத்தில் இறங்கி, நெடுந்தூரம் வரவேண்டும். அந்த வாடகையும் சேர்ந்தால் சிறு விவசாயி எங்கே வாங்குவது? 1998-ல் சின்ன அளவில் இலவச விதையும் உரமும் கொடுத்தார்கள். அதையும் பிறகு சுருக்கினார்கள். 2002-ல் பஞ்சம். 2005-ல் மழை பொய்த்து, 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உணவு உதவிக்குக் காத்திருந்தார்கள்.

அந்த ஆண்டே அதிபர் பிங்கு வா முத்தாரிகா மானியத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். கூப்பன் உள்ள குடும்பத்துக்கு 50 கிலோ உர மூட்டை இரண்டு குறைந்த விலையில், கூடவே விதை. மழையும் கைகொடுத்தது. 2005-ல் சுமார் 12 லட்சம் டன்னாக இருந்த மக்காச்சோளம், அரசுக் கணக்குப்படி 2007-ல் 34 லட்சம் டன். கணக்கு கொஞ்சம் கூடுதல் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனாலும் ஜிம்பாப்வேக்கு விற்கும் அளவுக்கு விளைந்தது நிஜம்.

அரசு விலகியது தப்பு என்பது இதில் தெரிந்துபோனது. திரும்பி வந்த அரசோ மூட்டையோடு நின்றுவிட்டது. வேளாண்மைக்கான பணத்தில் பெரும்பகுதியை உரமே விழுங்க, பாசனத்துக்கும் மண்வளத்துக்கும் களப்பணியாளருக்கும் மிஞ்சியது சொற்பம். 2015-ல் வெள்ளம், 2016-ல் வறட்சி. மறுபடி 60 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு உணவு உதவி தேவைப்பட்டது. யூரியா போட்ட பயிரும் தண்ணீர் இல்லாவிட்டால் காயத்தானே செய்யும்?

தெற்கு மலாவியில் மக்காச்சோளத்தில் ஊடுபயிராகத் துவரை போடுகிறார்கள். மண்ணுக்குத் தழைச்சத்து, கைக்குக் காசு. அந்தத் துவரைக்குப் பெரிய சந்தை இந்தியா. 2017 ஆகஸ்டில், இங்குள்ள துவரை விவசாயிகளைக் காக்க, இந்தியா இறக்குமதியை ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்குள் கட்டுப்படுத்தியது. மலாவியில் விலை சரிந்தது. விளைந்ததைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று.