பூனையின் கண் நோய்: கைவைத்தியம் எதுவரை?

நெல் மூட்டையையும் விதை நிலக்கடலையையும் எலியிடமிருந்து காக்க வீட்டில் ஒரு பூனை வைத்திருக்கும் விவசாயிகள் பலர். மாடு ஒரு வேளை அசை போடாவிட்டால் பதறுகிற நாம், பூனை ஒரு கண்ணை மூடிக்கொண்டு திரிந்தால் கவனிப்பதில்லை. சில கண் கோளாறுகள் வீட்டுக் கவனிப்பிலேயே தீரும். வேறு சில, ஓரிரு நாள்களில் கண்ணையே போக்கிவிடும். இவற்றைப் பிரித்தறிவது கடினமல்ல.

பகல் வெளிச்சத்தில் பூனையின் இரு கண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காலையில் கண்ணோரத்தில் சிறிது பழுப்பு நிறப் பீளை காய்ந்திருப்பது நோயல்ல. மஞ்சள் அல்லது பச்சை நிறப் பீளை வடிந்து இமை ஒட்டிக்கொண்டால் அது தொற்று. கூடவே தும்மலும் மூக்கொழுகலும் இருந்தால் பூனைச் சளி நோய் எனக் கொள்ளலாம். குட்டிகளிடையே இது விரைவில் பரவும். ஆகவே நோயுற்ற குட்டியைத் தனியே வைத்துத் தனித் தட்டில் உணவளிக்க வேண்டும்.

அரை லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து, ஒரு தேக்கரண்டி உப்பு மட்டமாகப் போட்டு, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். பஞ்சை நனைத்து ஒட்டிய பீளையின் மேல் சற்று நேரம் வைத்திருந்தால் ஊறிவிடும். பின்னர் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகத் துடைக்கலாம். ஒரு கண்ணுக்குப் பயன்படுத்திய பஞ்சை மறு கண்ணுக்குப் பயன்படுத்தக் கூடாது. பூனையைப் பழைய துண்டில் தலை மட்டும் தெரியும்படி சுற்றிக்கொண்டால் பிறாண்டாது. பிறந்த குட்டி 7 முதல் 14 நாள்களுக்குள் கண் திறக்கும். திறக்கும் முன்பே இமை புடைத்திருந்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கிறது என்று பொருள். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பூனை கண்ணை இறுக மூடிக்கொண்டாலோ, வெளிச்சத்துக்குக் கூசினாலோ, கண் வெண்மையாக மங்கினாலோ பெரும்பாலும் கண்ணில் புண் இருக்கும். கடுவன் சண்டையில் நகம் பட்டிருக்கலாம். முள்ளோ நெல் சுணையோ குத்தியிருக்கலாம். குத்திய பொருளை நாமே பிடுங்க முயலக் கூடாது. இத்தகைய கண்ணில் உப்புத்தூள் ஊதுவது, மஞ்சள் அப்புவது, புகையிலைச் சாறு பிழிவது எல்லாம் புண்ணை ஆழமாக்கும் வேலைகள்.

அதைவிடக் கெடுதல், வீட்டில் யாருக்கோ வாங்கி மீந்த கண் சொட்டு மருந்து. குப்பியின் மேல் டெக்சாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசோலோன் ஆகிய பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இவை ஸ்டீராய்டு வகை. போட்டதும் சிவப்பு மறைந்து கண் தெளிந்ததுபோல் தோன்றும். ஆனால் அடியில் புண் ஆறாமல் பரவிக் கண்ணில் துளையே விழக்கூடும். மருத்துவர் ஒரு துளி சாயமிட்டுப் பார்ப்பார். புண் உள்ள இடம் பச்சையாகத் தெரியும். அதன் பிறகே எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியும். வலிக்கிறதே என்று பாரசிட்டமால் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு.

இரு கண்களிலும் மூக்கோரத்திலிருந்து வெள்ளைத் தோல் ஏறி நின்றால், அது மூன்றாம் இமை. அப்போது கோளாறு கண்ணில் இல்லாமல் உடலில் இருக்கலாம். குடற்புழு, கழிச்சல் உண்டா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குள் இரத்தம் தெரிந்தால் அடிபட்டதா, எலி மருந்து தின்றதா என்று யோசியுங்கள். சில எலி மருந்துகள் இரத்தத்தை உறையவிடாமல் செய்யும். மருந்தின் உறையையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்வது நல்லது.

வெளியே எந்தக் குறையும் தெரியாமல் பார்வை போவதும் உண்டு. தயிர்சாதமும் பால்சோறும் மட்டுமே தின்று, வேட்டையாடாமல் வளரும் பூனைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். டாரின் என்ற சத்து பூனையின் உடலில் போதிய அளவு உற்பத்தியாவதில்லை. அது குறைந்தால் விழித்திரை நலிவடையும் என்பது 1975ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சியில் தெரியவந்தது. டாரின் இறைச்சியிலும் மீனிலும் உண்டு, எலியிலும் உண்டு, சோற்றில் இல்லை, பசும்பாலில் மிகக் குறைவு. சைவ வீட்டார் இதைச் சற்று யோசிக்க வேண்டும். தாவத் தயங்குவதும், இடம் மாற்றி வைத்த பாத்திரத்தில் முட்டிக்கொள்வதும் அறிகுறிகள். பூனையின் முன்னே சிறு பஞ்சு உருண்டையை மேலிருந்து விடுங்கள். அது ஓசையின்றி விழும். பார்வையுள்ள பூனை பெரும்பாலும் அதைப் பின்தொடர்ந்து பார்க்கும். போன பார்வை திரும்பாது. ஆனால் வேகவைத்த மீனோ கோழிக் கழிவோ நாள்தோறும் கொடுத்தால் மேலும் கெடாமல் தடுக்கலாம். வேகவைத்த நீரிலும் சத்து இறங்கியிருக்கும். கொட்டிவிடாமல் சோற்றில் பிசைந்து வையுங்கள்.

பூனையை மூடியுள்ள கூடையில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லலாம். வழியில் கடித்துவிட்டாலோ பிறாண்டிவிட்டாலோ காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.