கேளாச் செவியும் செவிலியர் தொண்டும்

செவி கேளாது பிறந்த குழந்தையை 'ஊமை' என்று நாட்டார் ஒதுக்கி வைத்த காலம் உண்டு. உண்மையில் அக்குழந்தையின் நாவுக்குக் குறை இல்லை. கேட்டறியாத மொழியை அது பேசுவது எங்ஙனம்? ஆசிரியத் தொழிலில் ஆண்டு பல கழித்தவன் நான். கற்றலின் முதல் வாயில் செவியே என்பதை நாள்தோறும் வகுப்பறையில் கண்டிருக்கிறேன்.

உட்செவியில் நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. ஒலியை மின்குறிப்பாக மாற்றி நரம்பிடம் ஒப்படைப்பது அங்குள்ள நுண்ணிய மயிரணுக்களின் வேலை. அவை பெரிதும் பழுதுற்றால், ஒலியைப் பெருக்கிக் காட்டும் கருவியால் போதிய பயன் விளையாது. அவற்றைக் கடந்து நரம்பையே நேரே தூண்டுவது காக்ளியர் கருவி. 1978-ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரத்து மருத்துவர் கிரேம் கிளார்க் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தி வழிகாட்டினார். பல இலட்சம் ரூபாய் செலவாகும் இச்சிகிச்சை, இன்று தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தால் ஏழைக் குழந்தைகளுக்கும் கிட்டுகிறது. இராசபாளையம் பக்கத்து எங்கள் ஆலங்குளத்துக் கூலித் தொழிலாளியும் தம் மகவை மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம்.

அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் வேண்டப்படுவது செவிலியர் தொண்டு. மூளையுறை அழற்சியைத் தடுக்க நிமோகாக்கஸ் தடுப்பூசி முன்னதாகவே போடப்பட்டதா என்று அவர் பார்க்கிறார். 'பயப்படாதே' என்ற சொல் எட்டாத குழந்தைக்கு, தலையில் கட்டுப் போட்ட பொம்மையைக் காட்டி, நிகழப்போவதை உணர்த்துகிறார். சைகை காட்டும் கையில் ஊசி குத்தாமல் மறு கையை நாடுகிறார்.

அறுவைக்குப் பின் குழந்தை அழும்போது முகத்தின் இருபுறமும் ஒருசேர அசைகின்றனவா என்று நோக்குகிறார். முகநரம்பு அறுவை செய்த இடத்தை ஒட்டியே செல்கிறது அன்றோ! காய்ச்சல், கழுத்து விறைப்பு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் ஒழுகுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவரை அழைக்கிறார்.

கருவியை இயக்குவது பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்கள் கழித்தே. அன்றே குழந்தை 'அம்மா' என்று அழைக்குமெனப் பெற்றோர் காத்திருப்பர். குழந்தையோ புதிய ஒலிக்கு அஞ்சி அழக்கூடும். தாய் மனம் உடைந்துவிடாதபடி இதனை முன்கூட்டியே சொல்லி வைப்பதும் செவிலியர் கடமை. அன்றுதான் அச்செவி பிறந்தது. விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவியை அணிவித்து, பேச்சுப் பயிற்சியை ஆண்டுக்கணக்கில் விடாது தொடர வேண்டும். அடுப்படியிலும் குழாயடியிலும் தாய் ஓயாது பேசும் பேச்சே முதற்பாடம்.

இவையனைத்தும் பலிக்க வேண்டுமாயின் காலம் தாழ்த்தலாகாது. மொழியைப் பற்றும் ஆற்றல் மூளைக்கு இளமையில்தான் மிகுதி. ஒரு திங்களுக்குள் சோதனை, மூன்று திங்களுக்குள் குறையை உறுதி செய்தல், ஆறு திங்களுக்குள் ஏற்ற சிகிச்சையைத் தொடங்குதல் என்பது மருத்துவர் வகுத்த நெறி. வெண்கலப் பாத்திரம் விழுந்த ஓசைக்கும் திரும்பாத குழந்தையைக் கண்டு, "அவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்" என்று ஆறுதல் கூறும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. அவ்வாறுதல் குழந்தையின் மொழியைக் களவாடிவிடும். ஐயம் தோன்றிய அன்றே கிராம சுகாதாரச் செவிலியரை அணுகுங்கள். சங்கத் தமிழில் செவிலி என்பாள் தலைவியை வளர்த்த தாய். அப்பெயருக்கு ஏற்ப நம் செவிலியரும் குழந்தைக்கு மற்றொரு தாயாய் நிற்பர்.