பீரின் 3.2 என்னும் வரம்பு

ஒரு படி எண்ணெய் ஒரு படி தண்ணீரைவிட எடை குறைந்தது என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். ஆகவே எந்த அளவைச் சொன்னாலும், அது நிறுத்தலளவையா, முகத்தலளவையா என்று வினவுதல் அவசியம். இதைக் கவனியாதவர்க்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பீர் சட்டங்கள் விளங்கமாட்டா.

அந்நாட்டில் மதுவிலக்கு அமலிலிருக்கையிலேயே, 1933-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி முதல், எடையில் நூற்றுக்கு 3.2 பாகம் வரை மதுசாரமுள்ள பீர், போதை தராததெனக் கருதி அனுமதிக்கப்பட்டது. மதுசாரம் தண்ணீரிலும் இலேசாகையால், முகத்தலளவையில் இது சுமார் 4 பாகமாகும். அவ்வருஷம் டிசம்பர் 5-ந் தேதி மதுவிலக்கு நீங்கி, விற்பனையை ஒழுங்குசெய்யும் அதிகாரம் மாகாணங்களைச் சேர்ந்தது. அவற்றுள் சில, 3.2 என்ற வரம்பை விடாது வைத்துக்கொண்டன.

ஓக்லஹோமாவில் மளிகைக் கடைக்காரர் இந்தப் பீரைக் குளிரவைத்து விற்கலாம். அதனினும் வலியதை மதுக்கடைக்காரர் குளிரவைக்காமலே விற்கவேண்டியிருந்தது. இவ்விதி 2018-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி ஒழிந்தது. கொலராடோவும் கான்ஸாஸும் 2019-ல் மாறவே, 3.2 பீருக்குக் கிராக்கி சுருங்கி, பெரிய ஆலைகள் அதன் உற்பத்தியைக் குறைத்தன. யூட்டா மாகாணமும் அவ்வருஷம் நவம்பர் 1-ந் தேதி முதல் எடையில் 4, அதாவது முகத்தலளவையில் 5, என வரம்பை உயர்த்திற்று.

காரணம் மறைந்தபின்னும் ஓர் எண் எண்பது வருஷங்களுக்கு மேல் சட்டத்தில் நிலைத்திருந்தது. சங்க உபவிதிகளில் எந்த வரம்பை எழுதினாலும், அதன் அளவையையும் காரணத்தையும் உடன் எழுதிவைத்தல் நலம்.