கயிற்றை இழுத்தால் ஓட்டம் நிற்கும்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை ஒன்று இருந்தது. ஓயாத தகராறு; ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்களும் உண்டு. 1982-இல் அதை மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவுடன் கூட்டு சேர்ந்து, நூமி என்ற பெயரில் அதே ஆலை மீண்டும் ஓடத் தொடங்கியது. வந்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், சங்கமும் அதேதான்!

மாறியது அதிகாரம். வேலையில் பிழை தெரிந்தால் எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். உடனே சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும். முன்பெல்லாம் வரிசையை நிறுத்துவது பெருங்குற்றம். வேலையை எப்படிச் செய்வது என்பதை வகுப்பதிலும் தொழிலாளர் குழுக்களுக்குப் பங்கு கிடைத்தது. ஆட்குறைப்புக்கு முன் அதிகாரிகளின் சம்பளத்தைக் குறைக்க வேண்டும் என்று ஒப்பந்தமே எழுதினார்கள். வெறும் காகிதமல்ல அது: 1988-இல் விற்பனை சரிந்தபோது யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை, பயிற்சி வகுப்புகளுக்குத்தான் அனுப்பினார்கள்.

2010-இல் நூமி மூடப்பட்டது. அந்த வளாகத்தில் இப்போது டெஸ்லா கார்கள் தயாராகின்றன. அங்கே தொழிற்சங்கம் இல்லை.